ஒன்றாம் தேதி, பன்னிரண்டு தட்டுகள்

என் நாவலில் வரும் கிழவரின் மனத்தை நான் எழுதவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஒளித்து வைத்திருந்ததுபோல் ஆகிவிடும். மூன்று மாதம் ஒளித்து வைத்திருந்தேன் என்பதும் உண்மைதான்.

நாவலில் ‘விதை’ என்று ஒரு கருவி. துவரம்பருப்பு அளவு இருக்கும். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் வைப்பார்கள். ஒரே நாளில் வைத்துக்கொண்ட இரண்டு பேருக்கு, நாற்பது நாள் வரை, ஒருவர் நினைப்பது மற்றவருக்குக் கேட்கும். ஆராய்ச்சிக்கூடம் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. கேட்டதைப் பற்றி அந்த இரண்டு பேரும் வாய்திறந்து பேசிக்கொள்ளக் கூடாது. பேசினால் சோதனை கெட்டுவிடும். ஒரு பக்கம் இருபது வயதுப் பெண். மறுபக்கம் மனைவியை இழந்த கிழவர். கருவியை நான் நன்றாகவே யோசித்திருந்தேன். அதன் மின்சாரம் எங்கிருந்து வருகிறது, காய்ச்சல் வந்தால் என்ன ஆகும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்கினால் யார் கனவு யாருக்கு என்று தனியாக ஒரு நோட்டே போட்டிருந்தேன். மனிதர்களுக்குத்தான் நோட்டு இல்லை.

பகலில் பால் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை. புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு, ரூசே நகரில் எங்கள் பேட்டை வாசகசாலையின் மாடியில் எழுத்து வகுப்பு. அக்டோபரில் முதல் அத்தியாயத்தை வாசித்தேன். மற்றவர்கள் பேசும்போது எழுதியவர் வாய்திறக்கக் கூடாது என்பது வகுப்பின் வழக்கம். எனக்கு அதில் சிரமமே இல்லை.

“பொண்ணு நல்லா வந்திருக்கா,” என்றார் ஆசிரியை பேனெவா. “ஆனா விஹ்ரா, கிழவர்தான்... அவர் கிழவர் இல்ல. மீசை வெச்ச நீ.”

ஸ்விலென் விடுவானா? அவன் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். துப்பறியும் கதை எழுதுகிறவன். “காலையில எழுந்ததும் அறை வெப்பநிலையக் குறிச்சு வைக்கிறாராம் டீச்சர். எந்தக் கிழவர் அப்படிப் பண்ணுவார்? எங்க தாத்தா எழுந்ததும் முதல்ல யாரையாவது திட்டுவார். அப்புறந்தான் கண்ணையே திறப்பார்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அந்த அத்தியாயத்தில் கிழவர் செய்வதை எல்லாம் பட்டியல் போட்டேன். பதினேழு செயல்கள். பதினேழும் நான் செய்கிறவை.

திரிஃபோன் கீர்செவ் அந்த இலையுதிர் காலத்தில்தான் வகுப்பில் சேர்ந்தார். லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்தொன்பது வயது. சுவரோரம் வெந்நீர்க் குழாய்ச் சூட்டடுப்பின் பக்கத்து நாற்காலிதான் எப்போதும் அவருடையது. அவர் வாசிப்பது அரைப் பக்கத்துக்கு மேல் போகாது. தனியாக லிஃப்டில் ஏறுகிறவன் கண்ணாடியைப் பார்ப்பான், இரண்டு பேராக ஏறினால் இருவரும் மாடி எண்ணைப் பார்ப்பார்கள் என்று ஒருமுறை எழுதியிருந்தார். அதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. இரண்டு வாரம் யோசித்து, நவம்பரில் மாடிப்படியில் அவரை நிறுத்திக் கேட்டேன்.

“நான் நாவல்லாம் எழுதினதில்லயே, பொண்ணு.”

“நீங்க நாவல் எழுத வேண்டாம் மாமா. ஒருத்தர் வீட்ல தனியா இருக்கார். என்ன நினைக்கிறார்னு மட்டும் எழுதுங்க.”

“அதுவா,” என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். “அது வரும்.”

நிபந்தனைகள் எல்லாம் நான் போட்டவை. புதன்கிழமை அவர் ஓர் உறை கொடுப்பார். நான் படித்து, பென்சிலில் குறியிட்டு, வெள்ளிக்கிழமை கீழே நூலகரிடம் வைத்துவிடுவேன். பக்கங்களைப் பற்றி இரண்டு பேரும் பேசவே கூடாது. நாவலில் இருக்கும் நிபந்தனையையே வைத்துக்கொண்டால் எழுத்தும் உண்மையாக வரும் என்று அவரிடம் சொன்னேன். அது பாதிக் காரணம். யாராவது என் முகத்துக்கு நேரே நின்று என் எழுத்தைப் பற்றிப் பேசினால் எனக்குக் காது அடைத்துவிடும். அது மீதிக் காரணம்.

குறிகள் மூன்று. புள்ளி என்றால் போதும். பெருக்கல் குறி என்றால் எடுத்துவிடலாம். முக்கோணம் என்றால் இன்னும் வேண்டும்.

அவர் பக்கங்கள் வர ஆரம்பித்ததும் நாவல் நிமிர்ந்துவிட்டது. அதில் கிழவர் மனைவியின் கோட்டை அலமாரியில் அப்படியே விட்டிருப்பார். அதன் பையில் ஒரு பேருந்துச் சீட்டு இருக்கும். அது எந்த நாள் பயணம் என்று வாரக்கணக்கில் கண்டுபிடிக்கப் பார்ப்பார். நான் முக்கோணம் போட்டேன். அடுத்த உறையில், அந்தச் சீட்டின் பயணத்தில் தானும் கூட இருந்ததையே மறந்துபோனதாக எழுதியிருந்தார். நான் இன்னொரு முக்கோணம் போட்டேன். டிசம்பரில் வகுப்பில் வாசித்தபோது பேனெவா டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இப்பத்தான் இந்த ஆளு மூச்சு விடறார். எங்கேருந்து பிடிச்சே?” என்றார். நான் குனிந்துகொண்டேன். சூட்டடுப்பின் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. முடிவில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். பிப்ரவரி கடைசியில் முதல் நாவலுக்கான ஒரு போட்டி. அனுப்பிய பிறகு நன்றிப் பக்கத்தில் அவர் பெயரை முதலில் போட வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எழுதி வைத்தால் செய்ததுபோல் எனக்கு ஒரு நிம்மதி வந்துவிடும். அது என் வியாதி.

ஜனவரி 29, புதன். என் நாட்குறிப்பில் அன்று இப்படி இருக்கிறது:

‘பனி. டிராலி பஸ் எட்டு நிமிடம் தாமதம். ஸ்விலென் தன் கதையில் கொலைகாரனை மறுபடி மாற்றிவிட்டான். தி. மாமா கோட்டுப் போடும்போது, சனிக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன் என்றார். ஸ்விலென், வேற எங்க போவீங்க மாமா, உங்க லிஃப்ட்லயா என்றான். சிரிப்பு. உறை கொடுத்தார், நான்கு பக்கம்.’

எனக்கு எதுவும் உறைக்கவில்லை. ஆனால் ஒரு சொல் விடாமல் எழுதி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 5 அன்று வந்த உறையில் மூன்று பக்கம். அவர் கையெழுத்து பெரியது, நேரானது, சீட்டில் குறிப்பு எழுதுகிறவரின் கையெழுத்து.

‘மேசையைச் சுவரிலிருந்து இழுத்து நடுவில் போட்டேன். பன்னிரண்டு தட்டுகள். திராட்சை இலைச் சுருள் இரண்டு பாத்திரம், அவள் செய்வதுபோல் கொஞ்சம் புதினா சேர்த்து. ஐந்து மணிக்குத் தாழ்ப்பாளை நீக்கினேன். லிஃப்ட் ஏறும் சத்தத்தில் எந்த மாடி என்று எனக்குத் தெரியும். நான்கு. ஏழு. இரண்டு. எட்டு மணிக்குச் சுருள்களை மறுபடி சூடாக்கினேன். ஒன்பதரைக்குத் தட்டுகளை எடுத்தேன். அவை அழுக்காகவில்லை. இருந்தாலும் பன்னிரண்டையும் கழுவினேன், கழுவாமல் அடுக்கினால் யாரும் வரவில்லை என்பது தட்டுகளுக்குத் தெரிந்துவிடும் என்பதுபோல.’

நான் வியாழக்கிழமை மதிய உணவு இடைவேளையில் சோதனைக்கூடத்தில் நின்றுகொண்டே இதைப் படித்தேன். தட்டுகள் கழுவும் இடத்தில் பெரிய முக்கோணம் போட்டேன். ஓரத்தில், ‘மிக அருமை. இதற்குப் பிறகு அவர் என்ன நினைக்கிறார்? தயங்காமல் இன்னும் உள்ளே போகலாம்’ என்று எழுதினேன். அதற்கு முன்னால் அவருக்கு நான் ஒரு வாக்கியம்கூட எழுதியதில்லை. வெள்ளிக்கிழமை நூலகரிடம் வைத்தேன். சனிக்கிழமை அவர் வந்து வாங்கிக்கொண்டு போனார் என்று நூலகர் பிறகு சொன்னார்.

பிப்ரவரி 12. வகுப்புக்குக் கால் மணி முன்பே வந்தேன். நூலகர் என்னைக் கூப்பிட்டு ஓர் உறை கொடுத்தார். மதியமே வைத்துவிட்டுப் போனாராம். மாடிப்படித் திருப்பத்தில், விளக்குக்கு அடியில் நின்று பிரித்தேன்.

ஒரே பக்கம். அதில் கிழவர் தன் கேனரிக் குருவியைக் கூண்டோடு எதிர்வீட்டுக்காரியிடம் கொடுக்கிறார். எவ்வளவு தினை, எப்போது தண்ணீர் என்று எழுதிக் கூண்டில் கட்டுகிறார். தன் வேலை இடத்தில் எந்தப் பொத்தான் எதற்கு என்று சீட்டு ஒட்டுகிறார், அடுத்து வருகிறவன் சிரமப்படக் கூடாதே என்று. கடைசியில் இப்படி இருந்தது:

‘நாற்பது நாள் ஆகும்வரை காத்திருக்கப் போவதில்லை. விதையை எடுத்துவிடச் சொல்லிவிடுவேன். இதுவரை கூட வந்ததற்கு நன்றி. இதற்கு மேல் என்னோடு வராதே, பெண்ணே.’

இந்த இடத்தில் நான் பொய் சொல்லக் கூடாது. அதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று மாதமாகத் தேடிய முடிவு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பென்சிலைத் தேடிக் கைப்பையைத் துழாவினேன்.

மேலே போனபோது சூட்டடுப்பின் பக்கத்து நாற்காலி காலி. எனக்கு லேசாக என்னவோ செய்தது. ஆனால் பனிக்காலம், யாருக்கும் சளி பிடிக்கலாம்.

“வெள்ளிக்கிழமை பதினாலாந்தேதி,” என்றான் ஸ்விலென், நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து. “திரிஃபோன் மாமா பெயர்நாள். நான் எங்க ஊர் வைன் ரெண்டு குப்பி கொண்டு வர்றேன். யாரெல்லாம் வர்றீங்க? மாமா நிச்சயம் கதவத் திறந்து வெச்சிருப்பார்.”

பெயர்நாள் என்றால் நம் பெயருக்குரிய புனிதரின் நாள். அதற்கு எங்களில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. அழைத்துக் கூட்டம் சேர்த்தால் அது பெயர்நாளே இல்லை. கதவைத் திறந்து மேசை போட்டு வைத்தால், நினைவிருப்பவர்கள் தாங்களே வருவார்கள். மிஞ்சிப்போனால், வீட்டில்தான் இருப்பேன் என்று ஒரு பேச்சு காதில் போட்டு வைப்பார்கள்.

“பதினாலா?” என்றார் லோசானா அத்தை. மருத்துவமனையில் முப்பது வருடமாகச் செவிலி; ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே கதை கேட்பவர். “எங்க வீட்ல ஒண்ணாந்தேதிடா. என் பேருக்குத் திராட்சைக் கொடின்னு அர்த்தம், அதனால எனக்கும் அதே புனிதர்தான். ஒருத்தனும் எனக்கு வாழ்த்து சொல்லல, பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நான் என் பொண்ணு வீட்ல இருந்ததால தப்பிச்சீங்க.”

“அத்தே, வைன் குடிக்கிறது பதினாலுலதானே.”

“அது திராட்சைக் கொடி வெட்டற தோட்டக்காரங்க பழைய காலண்டர். கோயில் காலண்டர்ல ஒண்ணு. திரிஃபோன் வீட்லயும் ஒண்ணுதான். செத்துப்போன அவர் சம்சாரம் ஸ்தாங்கா எங்க கோயில்ல பாடுவா. ஒண்ணாந்தேதி அந்த வீட்ல கால் வைக்க இடமிருக்காது. எல்லாம் அவ பக்கத்துச் சொந்தம். போன வருஷம் துக்கம், செய்யல. இந்த வருஷந்தான்...” பின்னல் ஊசி நின்றது. “ஏன், நீங்க யாரும் போகலயா?”

“நாங்க போகல. வேற யாராவது போயிருப்பாங்க,” என்றான் ஸ்விலென். “பெயர்நாள் வீடு அத்தே. எப்படியும் நிறைஞ்சிருக்கும்.”

நான் நாட்குறிப்பை எடுத்தேன். ஜனவரி 29. சனிக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன். சனிக்கிழமை, பிப்ரவரி ஒன்று. விரலை அந்த வரியின் மேல் வைத்தேன், எடுக்க முடியவில்லை. பன்னிரண்டு தட்டுகள் கற்பனை இல்லை. அப்படியானால் மற்றவை? கேனரி? சீட்டுகள்? தயங்காமல் இன்னும் உள்ளே போகலாம் என்று நான் அவருக்கு எழுதியிருக்கிறேன்.

“டீச்சர்,” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது. “கிழவர நான் எழுதல. நவம்பர்லேருந்து திரிஃபோன் மாமாதான் எழுதறார்.”

உறையை நீட்டினேன். பேனெவா டீச்சர் கை நீட்டுவதற்குள் லோசானா அத்தை வாங்கிப் படித்துவிட்டார். அவர் முகம் வார்டில் இருக்கும் முகமாக மாறியதைப் பார்த்தேன்.

“போன் பண்ணு.”

பண்ணினேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

“வீடு எங்கேன்னு தெரியுமா?”

“மூணு நிறுத்தம். எட்டாவது மாடின்னு சொல்லியிருக்கார்.”

“ஓடு. என் முட்டி ஓடாது. நான் டியூட்டி டாக்டரக் கூப்பிட்டுச் சொல்லிட்டு டாக்சியில வர்றேன். விஹ்ரா, இங்க பாரு.” என் கோட்டுக் காலரைப் பிடித்தார். “சுத்தி வளைக்காதே. நேரா கேளு. கேட்டா அந்த நினைப்பு வந்துடுமோன்னு பயப்படாதே, இருந்தா ஏற்கெனவே இருக்கும். என்ன பதில் சொன்னாலும் தனியா விடாதே. புரிஞ்சுதா?”

“நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருந்தா? அது வெறும் கதையா இருந்தா?”

“அப்ப அசிங்கப்பட்டுட்டு வா. ஒண்ணும் குறைஞ்சுட மாட்டே.”

டிராலிக்கு நிற்கவில்லை. நடைபாதையில் மிதித்துக் கெட்டியான பனி. இரண்டு முறை வழுக்கினேன். ஓடும்போது நான் நினைத்தது என்னவென்றால், நாவலில் அந்தப் பெண்ணுக்கு இப்படி ஓட வேண்டியிருக்காது. படுக்கையில் கிடந்தபடியே கிழவர் உயிரோடு இருக்கிறாரா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறேன், அவள் ஒரு பக்கத்திலும் எழுந்து எங்கும் போகவில்லை. அந்த நேரத்திலும் நான் நாவலைத்தான் நினைத்தேன் என்பது இப்போதும் எனக்குக் கூசுகிறது.

லிஃப்ட் சத்தமே இல்லாமல் எட்டாவது மாடிக்கு ஏறியது. உள்ளே பொத்தான்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சீட்டு: ‘கதவு மூடவில்லை என்றால் அடியில் கல் இருக்கிறதா பார்க்கவும். அடிக்க வேண்டாம்.’ அந்தப் பெரிய, நேரான கையெழுத்து.

அவர் கதவில் மணி அடித்தேன். தட்டினேன். பதில் இல்லை. எதிர்க்கதவின் உள்ளே ஒரு குருவி பாடிக்கொண்டிருந்தது.

அந்தக் கதவு தானே திறந்தது. சமையல் துணி கட்டிய ஒரு பெண். “கீர்செவையா தேடற? மேல இருக்கார், மொட்டை மாடி லிஃப்ட் மிஷின் ரூம்ல. மூணு நாளா எல்லாத்துக்கும் சீட்டு ஒட்டிக்கிட்டிருக்கார். வேலைய விட்டுட்டு சோஃபியாவுக்குப் போறாராம், மகன்கிட்ட.” பிறகு குரலைத் தாழ்த்தி, “மகன் ஜெர்மனியிலதானே இருக்கான்?” என்றாள்.

ஒரு மாடி இரும்புப் படி. மிஷின் ரூம் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மஞ்சள் விளக்கு. திரிஃபோன் மாமா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து கத்தரிக்கோலால் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தார். முழுதாக, கம்பளிச் சட்டையோடு, மூக்குக் கண்ணாடியோடு, மூச்சு விட்டுக்கொண்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“வகுப்பு அதுக்குள்ள முடிஞ்சுதா?” என்றார்.

“இல்ல.”

“அப்ப எதுக்கு இப்படி மூச்சு வாங்கற? லிஃப்ட் ஓடலயா?” எழப் போனார்.

“ஓடுது மாமா. உக்காருங்க.” கதவில் சாய்ந்து நின்றேன். வழி மறைக்கிறேனோ, அவருக்குக் கோபம் வருமோ என்று இருந்தது. “ஒண்ணாந்தேதி எத்தனை தட்டு வெச்சீங்க?”

கத்தரிக்கோல் நின்றது. “பக்கத்தப் பத்தி பேசக் கூடாதுன்னு சொன்னது நீதானே?”

“ஆமா. எத்தனை?”

“எழுதியிருக்கேனே.”

“நாங்க பதினாலுன்னு நினைச்சோம். ஸ்விலென் வைன் வாங்கி வெச்சிருக்கான். எல்லாருமே பதினாலுன்னுதான் நினைச்சாங்க. லோசானா அத்தைக்குத்தான் தெரியும், அவங்க ஊர்ல இல்ல.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு வெளியே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. “பதினாலா? நான் என்ன திராட்சைக் கொடியா வெட்டறேன்? நான் லிஃப்ட்காரன்.” கண்ணாடியைக் கழற்றினார். “சொல்லியிருக்கலாம் ஒருத்தராவது.”

“நீங்களும் சொல்லியிருக்கலாம்.”

“அதெப்படிச் சொல்றது, பெயர்நாளுக்கு வாங்கன்னு? சீ.”

அங்கேயே நின்றிருந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பியிருப்பேன். நம்ப ஆசையாகவும் இருந்தது. தேதிக் குழப்பம், மாமா சிரித்துவிட்டார், வெள்ளிக்கிழமை வைன். ஆனால் அவர் கை மறுபடி கத்தரிக்கோலை எடுத்து, பாதியில் விட்ட சீட்டை வெட்டி முடித்தது.

“மாமா, நீங்க சாகணும்னு நினைக்கிறீங்களா?”

அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. எழுதும்போது எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்.

கீழே யாரோ லிஃப்டைக் கூப்பிட்டார்கள். பெரிய சக்கரம் எங்கள் பக்கத்தில் சுழன்றது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். “நாலு,” என்றார். சக்கரம் நின்றது. மறுபடி சுழன்று, மறுபடி நின்றது. நான் பேசாமல் இருந்தேன். எனக்குப் பழகிய வேலை அது ஒன்றுதான்.

“தட்டுக்காக இல்ல, பொண்ணு,” என்றார் கடைசியில். “ஒரே நாள்ல யாரும் இந்த நிலைமைக்கு வந்துடறதில்ல. தட்டு சும்மா. அது கடைசியில வந்தது.”

“எத்தனை நாளா?”

“உன் முதல் உறைக்கு முன்னாலேருந்தே. அதனால நீ ஒண்ணும் ஆரம்பிச்சு வைக்கல. அந்தக் கணக்க நீ போட்டுக்காதே, உன்னப் பாத்தாலே தெரியுது, போட்டுக்கிட்டிருக்க.” சீட்டுகளை ஒரு கட்டாகச் சேர்த்தார். “எழுதும்போது நல்லாத்தான் இருந்தது. யாரோ படிக்கறாங்க. முக்கோணம் போடறாங்க. இன்னும் கேக்கறாங்க. சனிக்கிழமை உன் கையெழுத்துல வேற வந்தது. உள்ள போகலாம்னு. அப்பத்தான் நினைச்சேன், சரி, உள்ள போறதுக்கு இன்னும் ஒரே ஒரு அறைதான் இருக்கு.”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிமெண்டுத் தரை பனிபோல் இருந்தது.

“அந்தப் பக்கம் எல்லாத்தயும் நாவல்லேருந்து எடுத்துடறேன்.”

“எதுக்கு?” சட்டென்று கோபம் வந்தது அவருக்கு. “நல்லா இல்லயா?”

“நல்லா இருக்கு. அதான்...”

“நல்லா இருந்தா எதுக்கு எடுக்கணும்? ராத்திரி ராத்திரியா உக்காந்து எழுதியிருக்கேன். அந்த மூணாவது உறை ஏழு தடவை எழுதினது. டீச்சர் கண்ணாடியத் துடைச்சாங்கல்ல, நான் பாத்தேன்.”

“உங்க பேருல போடணும். நான் எழுதினேன்னு எல்லாரும்...”

“அத அப்புறம் பேசலாம்,” என்றார். அப்புறம் என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் அவரே அதைக் கேட்டதுபோல் நிறுத்தினார். எனக்கும் அது கேட்டது. நான் அதைப் பிடித்துக்கொள்ள நினைத்தேன், பிடித்தால் உடைந்துவிடுமோ என்றும் பயந்தேன்.

“லோசானா அத்தை வர்றாங்க,” என்றேன். “டாக்டர்கிட்ட சொல்லியிருக்காங்க. நீங்க எங்களோட வரணும். இப்பவே.”

“நான் வரலன்னா?”

“நானும் இங்கயே உக்காந்திருப்பேன்.”

“இந்தத் தரையிலயா? சிறுநீரகம் கெட்டுப்போகும்.” தான் உட்கார்ந்திருந்த பெட்டியில் நகர்ந்து இடம் விட்டார். நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். லிஃப்ட் எட்டாவது மாடிக்கு ஏறும் சத்தம் கேட்டது. இந்தமுறை எந்த மாடி என்று அவர் சொல்லவில்லை.

லோசானா அத்தை இரும்புப் படியை ஒவ்வொன்றாக வைதுகொண்டே ஏறி வந்தார். “இத்தனை வருஷமா லிஃப்ட் பாக்கற ஆளு, இந்த ஒரு மாடிக்கு மட்டும் ஏன்யா படி வெச்சே?” என்றார் வாசலிலேயே. அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. “கோட்டு எங்கே? கம்பளி உள்ளாடை போட்டிருக்கியா? சரி, ஒரு மாத்து எடுத்துக்கோ. மூக்குக் கண்ணாடி, மருந்துச் சீட்டு. விஹ்ரா, வீட்டுச் சாவி நீ வெச்சுக்கோ.”

“ஒரு ராத்திரிதானே?” என்றார் மாமா.

“எனக்குத் தெரியாது திரிஃபோன். டாக்டர் சொல்லுவார். நான் பொய் சொல்ல மாட்டேன்.”

அவர் கொஞ்ச நேரம் மிஷின் ரூம் நடுவில் நின்றார். விளக்கை அணைக்க மறந்தார். நான் அணைத்தேன்.

மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு வந்து தூங்கவில்லை. ஒவ்வொரு உறையையும் தேதி வரிசையில் அடுக்கி, எந்த இடத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று பார்த்தேன். பதினொரு இடங்கள் கிடைத்தன. பிறகு எண்ணுவதை நிறுத்தினேன்.

காலை எட்டு மணிக்குச் சோதனைக்கூடத்திலிருந்து வார்டுக்குப் போன் செய்தேன். செவிலி அவரிடம் கொடுத்தார்.

“எப்படி இருக்கீங்க மாமா?”

“டீ வெந்நீராட்டம் இருக்கு. பக்கத்துப் படுக்கைக்காரன் தூக்கத்துல பாடறான்.”

“தூங்கினீங்களா?”

“கொஞ்சம்.”

அந்தக் கொஞ்சத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்க முயன்றேன். குரலில் எதுவும் தெரியவில்லை. “இன்னிக்கு அந்த நினைப்பு இருக்கா?” என்றேன்.

“இருக்கு,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நேத்து மாதிரி இல்ல,” என்றார்.

மதியம் வருவதாகச் சொல்லிப் போனை வைக்கப் பார்த்தேன்.

“வெச்சிடாதே,” என்றார் அவசரமாக. “டாக்டர் ஒன்பதுக்குத்தான் வருவாராம். ஏதாவது பேசு.”

“என்ன பேசறது மாமா?”

“எனக்கென்ன தெரியும்? அங்க என்ன நடக்குது?”

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வாயிலில் ஒரு பால் டேங்கர் பனியில் சிக்கி நின்றது. சக்கரம் ஒரே இடத்தில் சுழன்றது. காவலாளியும் ஓட்டுநரும் ஆளுக்கொரு பக்கம் நின்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். அதைச் சொன்னேன்.

“சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு?”

“இடப்பக்கம்.”

“மடையனுங்க. நேரா வைக்கச் சொல்லு. அடியில சாம்பல் இல்லன்னா சாக்கு போடச் சொல்லு, பழைய சாக்கு. ஆக்சிலேட்டர மிதிக்கக் கூடாது, தொட்டா போதும். சொல்லு போ.”

ஜன்னலைத் திறந்தேன். குளிர் முகத்தில் அறைந்தது. நான் யாரையும் உரக்கக் கூப்பிட்டுப் பழகாதவள். சக்கரத்தை நேராக வைக்கச் சொல்லிக் கத்தினேன். ஓட்டுநர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “அட, பால் டாக்டர் சொல்லிட்டாங்கப்பா!” என்று காவலாளியிடம் சொன்னான். இருந்தாலும் சாக்கு தேடப் போனான்.

“போட்டாங்களா?” என்றார் மாமா.

“கொண்டு வர்றாங்க.”

“நகருதா?”

“இன்னும் இல்ல.”

“சரி, இரு,” என்றார். “பாத்துச் சொல்லு.”